மாவுக்கோழியின் வினை

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற வீடியோ கேம் 2013-இல் வெளிவந்தது. அதன் கடைசிக் கட்டம் சால்ட் லேக் சிட்டியிலுள்ள ஒரு மருத்துவமனையில் நடக்கிறது. மனிதர்களைத் தொற்றி வெறிபிடிக்கச் செய்யும் ஒரு பூஞ்சை நோய் உலகத்தைச் சிதைத்துவிட்டது. எல்லி என்ற 14 வயதுப் பெண்ணின் உடம்பில் மட்டும் அந்த நோய் பலிக்கவில்லை. அவளுடைய மூளையை அறுத்துப் பார்த்தால் மற்றவர்களுக்கு மருந்து கிடைக்கலாம். அறுத்தால் அவள் பிழைக்கமாட்டாள். பல ஆண்டுகளுக்கு முன் சொந்த மகளைப் பறிகொடுத்த ஜோயல், எல்லியை அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து பத்திரமாக அழைத்து வந்தவன், இப்போது காவலர்களைக் கொன்றுகொண்டே அறுவை அறைக்குள் நுழைகிறான். மருத்துவர் கையில் சிறு கத்தியோடு குறுக்கே நிற்கிறார். இந்த இடத்தில் கதை தானாக நகர்வதில்லை. ஆடுபவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தால் மருத்துவரும் அப்படியே காத்து நிற்பார். அவரைக் கொல்லாமல் எல்லியைத் தூக்க வழி கிடையாது. கடைசியில் ஆடுபவரின் விரல் ஒரு பட்டனை அழுத்தியாக வேண்டும். 2023-இல் கிரெய்க் மேசினும், அந்த கேமை எழுதிய நீல் டிரக்மனும் சேர்ந்து எச்பிஓ நிறுவனத்துக்காக இதைத் தொடராக எடுத்தபோது அதே அறை, அதே மருத்துவர், அதே கொலை. ஆனால் பார்ப்பவரின் விரலுக்கு அங்கே வேலை இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் மருத்துவர் செத்துத்தான் போவார்.

வீடியோ கேமைப் படமாக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் கதையைச் சுற்றியே நடக்கிறது. மூலத்துக்கு உண்மையாக இருந்தார்களா, பாத்திரங்களின் உடை சரியாக இருந்ததா, ரசிகர்கள் எதிர்பார்த்த வசனம் வந்ததா என்றே கேட்கப்படுகிறது. 1993-இல் பாப் ஹாஸ்கின்ஸ் நடித்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்த வகைப் படங்களில் பல அடுத்தடுத்துச் சறுக்கியதற்கும் அந்தக் கோணத்திலிருந்தே காரணம் சொன்னார்கள். அந்தக் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவை கேள்வியின் மேல்தோலைத்தான் தொடுகின்றன என்பது என் எண்ணம். கேம் படமாகும்போது கதை இடம் மாறுவதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடக்கிறது: திரைக்கு முன்னால் இருக்கும் மனிதர் செய்பவர் என்ற நிலையிலிருந்து பார்ப்பவர் என்ற நிலைக்கு மாறுகிறார். ஒரு செயலில் இந்த இருவருக்கும் உள்ள பங்கு எப்படி வேறுபடுகிறது என்பது அறவியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. அந்தக் கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கும் படமே நிற்கிறது. கேள்வி இருப்பதையே உணராத படம், எத்தனை கோடி செலவழித்தாலும் ஆள் இல்லாத உடை போலத் தொங்குகிறது.

செய்பவர் என்றால் தேர்ந்தெடுப்பவர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வீடியோ கேம் கலையாக முடியாது என்று வாதிட்டபோது அவர் முன்வைத்த காரணங்களில் ஒன்று இதுதான். கலைக்கு ஆசிரியரின் பிடி வேண்டும், கேமோ தெரிவுகளை ஆடுபவரிடம் விட்டுவிடுகிறது என்றார். ஆனால் அந்த அறுவை அறையில் ஆடுபவருக்குத் தெரிவு எதுவுமே இல்லை. கதை எங்கே போக வேண்டும் என்பதை ஆசிரியர் நாவலாசிரியரைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கிறார். அப்படியும் அந்த இடத்தில் ஆடுபவரின் கை தயங்குகிறது. தயக்கத்துக்குக் காரணம் செய்கை, தெரிவு அல்ல. இதற்கு நேர் எதிரான சோதனை ஒன்றும் நடந்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2018-இல் வெளியிட்ட ‘பேண்டர்ஸ்னாட்ச்’ படம் பார்வையாளரிடமே தெரிவுகளைக் கொடுத்தது. நாயகன் தன் தந்தையைக் கொல்லலாமா வேண்டாமா என்பதைக்கூட ரிமோட்டில் சொல்ல முடிந்தது. தெரிவு இருந்தது, ஆனால் அந்தக் கொலையைத் தான் செய்ததாக யாரும் உணரக் காரணம் இல்லை; கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியதோடு பார்வையாளரின் வேலை முடிந்துவிட்டது. விளையாட்டுகளைப் பற்றி 2020-இல் நூல் எழுதிய தத்துவ அறிஞர் சி. தி. நுயென், கேமை ஆக்குபவர் கையாளும் மூலப்பொருளே மனிதரின் செயலாற்றும் திறன்தான் என்கிறார். ஆடுபவருக்கு ஒரு குறிக்கோளும் சில ஆற்றல்களும் சில தடைகளும் தந்து, சிறிது நேரம் வேறொரு செயலாளியாக வாழச் செய்வதுதான் அந்தக் கலை. அப்படியானால் படத்துக்குப் போகும்போது கழன்று விழுவது அந்த மூலப்பொருளேதான்.

போலிக் கொலையில் வினை உண்டா என்று தமிழில் ஒரு முழுக் காவியமே கேட்டிருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம் சமணர் வழியில் வந்தது. எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அரசன் யசோதரன் மனம் உடைந்திருக்கும் வேளையில், தீய கனவு கண்டேன் என்று தாய் சந்திரமதியிடம் சொல்கிறான். தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய். அவன் மறுக்கிறான். தாயின் மனமும் கோணக் கூடாது, உயிரும் போகக் கூடாது என்று நடுவழி ஒன்று பிறக்கிறது: மாவினால் கோழி செய்து அதை வெட்டுவது. வெட்டுகிறான். உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கி எத்தனையோ விலங்குப் பிறவிகள் எடுத்து, கொல்லப்பட்டுக் கொல்லப்பட்டு அலைகிறார்கள். வெட்டியவன் மட்டும் அல்ல, வெட்டச் சொன்னவளும் அலைகிறாள். சமணம் வினையில் மூன்று பங்கு காண்கிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு மனம் உடன்படுதல். கையால் செய்தவனுக்கு மட்டுமே பொறுப்பு என்ற எளிய கணக்கை அது ஏற்பதில்லை. புலால் மறுத்தலில் வள்ளுவரும் இதற்கு அருகில்தான் நிற்கிறார். தின்பவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார் என்ற அவருடைய வாதம், கத்தியைத் தொடாதவரையும் கொலைக்குள் இழுத்து வருகிறது.

இந்த மூன்று பங்கை வைத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குத் திரும்பினால், கேமுக்கும் தொடருக்கும் இடையில் நடந்தது துலங்குகிறது. கேமில் ஆடுபவர் முதல் இரண்டு பங்குகளிலும் இருக்கிறார். ஜோயலாகச் செய்கிறார், ஜோயலைக் கொண்டு செய்விக்கிறார். தொடரில் இவை இரண்டும் போய்விடுகின்றன. மூன்றாவது மட்டுமே மிஞ்சும். மிஞ்சியதைப் படம் எடுத்தவர்கள் புரிந்து கையாண்டார்களா என்பதுதான் கேள்வி. முதல் பருவத்தின் கடைசிப் பகுதியை இயக்கிய அலி அப்பாசி அந்தக் காட்சியில் செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கேமில் அந்தக் கட்டம் ஒரு சண்டை. ஆடுபவர் மறைவிடம் தேடுகிறார், மிச்சமிருக்கும் தோட்டாக்களை எண்ணுகிறார், காலடி ஓசைக்குக் காது கொடுக்கிறார். பிழைக்க வேண்டும் என்ற பரபரப்பில் எதிரே விழுபவர்களின் முகம் அவர் மனதில் நிற்பதில்லை. தொடரில் அந்தப் பரபரப்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். துப்பாக்கி ஓசை அடங்கிப்போய் இசை மேலே வருகிறது. ஜோயலாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கலின் முகத்தில் கோபம்கூட இல்லை. சரணடைந்தவனும் சாகிறான். செய்தவருக்கு வேலைக்கிடையில் தெரியாமல் போன ஒன்றை, அதாவது அந்தச் செயல் வெளியிலிருந்து எப்படித் தோன்றுகிறது என்பதை, பார்ப்பவர் முன்னால் வைக்கிறார்கள். வைத்துவிட்டு, எட்டு வாரங்களாக இந்தத் தகப்பனும் மகளும் பிழைக்க வேண்டும் என்று ஏங்கினாயே, இதற்கும் சேர்த்துத்தானே ஏங்கினாய் என்று கேட்கிறார்கள். உடன்பாடு என்ற மூன்றாவது பங்கு அங்கே பார்ப்பவர் மேல் வந்து இறங்குகிறது. தோல்வியடைந்த பழைய படங்கள் செய்கையைப் பறித்துக்கொண்டு அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. வெறும் ஓட்டமும் வெடிச்சத்தமும் தந்தன. வேறொருவர் ஆடுவதை அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் அலுப்பே அதில் கிடைத்தது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. மருத்துவரைக் கொன்றதில் ஆடுபவருக்கு என்ன பொறுப்பு? யாரும் சாகவில்லை, வேறு வழியும் இல்லை, அவருடைய நோக்கம் கொல்வது அல்ல, முடிவைப் பார்ப்பது. உண்மைதான். கேம் ஆடுபவர்கள் கொலைகாரர்கள் ஆகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பழியில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் குற்றம் இல்லாத இடத்திலும் செய்தவருக்கென்று ஓர் உணர்வு உண்டு என்பதைத் தத்துவம் அறியும். தன் தவறு எதுவும் இல்லாமலேயே ஒரு குழந்தை தன் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்ட ஓட்டுநரைப் பற்றி ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதினார். பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் வருந்துகிறார்கள், ஓட்டுநரும் வருந்துகிறார். ஆனால் அவர் வருத்தம் வேறு இனம். உன் மேல் தப்பில்லை என்று நாம் அவரைத் தேற்றுவோம். தேற்றியவுடன் அவர் சட்டென்று ஆறுதலடைந்துவிட்டால் நமக்கே ஏதோ உறுத்தும். ஆடுபவரின் விரல் தயங்குவது இந்த உணர்வின் சிறு சாயல். வேறு வழியில்லை என்ற வாதத்துக்கும் அரிஸ்டாட்டில் காலத்திலேயே பதில் உண்டு. புயலில் கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிபவர் விரும்பி எறியவில்லை, ஆனாலும் அறிந்து, அந்த நேரத்தில் அதை ஏற்றுத்தான் எறிகிறார். யசோதரனுக்கும் தாயின் நெருக்குதல் இருந்தது. மாவை வெட்டினால் உயிர் போகாது என்ற சமாதானமும் இருந்தது. காவியம் இரண்டையும் அறிந்தே அவனை அலையவிடுகிறது. அதன் தண்டனை கடுமை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். கேம் ஆடுபவரையும் யசோதரனையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். அவன் பலியைப் பலியாகவே எண்ணிச் செய்தான், இவர் ஆட்டத்தை ஆட்டமென்று அறிந்து செய்கிறார். ஆனால் பொருள் போலி என்பதால் செயலும் முற்றிலும் போலியாகிவிடாது என்ற காவியத்தின் உட்பொருள் இங்கும் நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும். பார்ப்பவரின் உடன்பாட்டுக்கு எந்த வலிமையும் இல்லையே, அவர் உடன்பட்டாலும் மறுத்தாலும் படம் ஒரே மாதிரிதான் முடியும், இதில் வினை எங்கிருந்து வந்தது? மூன்றாவது பங்கின் சிறப்பே இதுதான் என்பது என் பதில். செய்தலுக்கும் செய்வித்தலுக்கும் உலகில் விளைவு உண்டு. அந்த விளைவு தெரிவதால் பொறுப்பும் எளிதில் தெரிகிறது. உடன்பாட்டுக்கு விளைவு இல்லை. எதையும் மாற்ற முடியாத இடத்தில், யாரும் பார்க்காத இருட்டில், ஒரு மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. இதை ஒப்புக்கொண்டால், நாயகன் அடியாள்களை வரிசையாகச் சாய்க்கும்போது நம் திரையரங்குகளில் எழும் விசிலுக்கும் ஒரு கணக்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அந்த முடிவுக்கு நான் தயங்கவில்லை. அளவு சிறியதாக இருக்கலாம். இல்லை என்று சொல்ல முடியாது.

பார்ப்பவரின் நிலையைத் தாழ்ந்த நிலை என்று நினைத்துவிடவும் கூடாது. யசோதர காவியத்தில் கதையைச் சொல்பவர்களும் கேட்பவனும் இருக்கிறார்கள். மாரிதத்தன் என்ற அரசன் சண்டமாரி என்ற தேவிக்கு நரபலி கொடுக்கக் காத்திருக்கிறான். பலிக்காகப் பிடித்துவரப்பட்ட இளம் துறவிகளான அபயருசியும் அபயமதியும்தான் முன்பிறவியில் யசோதரனாகவும் சந்திரமதியாகவும் இருந்தவர்கள். வாள் தலைக்கு மேல் நிற்கும்போது அவர்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். கேட்டு முடித்த அரசன் பலியைக் கைவிடுகிறான். செய்தவர்கள் பல பிறவிகள் அலைந்து அறிந்ததைக் கேட்டவன் ஓர் அமர்விலேயே அறிந்துகொள்கிறான். அவனால் முடிந்ததற்குக் காரணம், கதையில் நடந்த அதே செயலின் வாசலில் அவனே நின்றுகொண்டிருந்தான் என்பது. அதே கதையைச் சண்டமாரியைக் கும்பிடாத ஒருவனிடம் சொல்லியிருந்தால் நல்ல கதை என்று எழுந்து போயிருப்பான். கேமைப் படமாக்குபவரின் வேலை இங்கே தெளிவாகிறது. பார்வையாளரை யசோதரனாக்க அவரால் முடியாது; மாரிதத்தனாக்க முடியும். அதற்கு, அந்தச் செயலைத் தானும் செய்யக்கூடியவர் என்ற இடத்தில் பார்வையாளரை முதலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அதே தொடரின் மூன்றாம் பகுதி இதைச் செய்கிறது. கேமில் பில் என்பவன் தனியாக, சிடுசிடுப்போடு வாழ்பவன். அவனுடைய துணைவன் ஃபிராங்கைத் தூக்கில் தொங்கும் பிணமாகவும், வெறுப்பைக் கொட்டிய ஒரு கடிதமாகவும் மட்டுமே நாம் காண்கிறோம். தொடரோ அந்த இருவரும் சேர்ந்து முதுமை வரை வாழ்ந்த வாழ்க்கைக்குக் கிட்டத்தட்ட ஒரு முழுப் பகுதியையும் ஒதுக்கியது. ஜோயல் அதில் அபூர்வமாகவே வருகிறான். மூலத்திலிருந்து விலகிவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் ஓர் உயிருக்காக மற்ற எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே நிறுத்துவது எவ்வளவு இனிமையானது என்பதைப் பார்வையாளர் நெஞ்சில் ஏற்றிய பகுதி அது. அந்த இனிமையை ருசித்தவர்தான் மருத்துவமனையில் ஜோயலோடு உடன்படுவார். கேம் இதே வேலையைப் பல மணி நேர நடையாலும், எல்லியை ஏணியில் ஏற்றிவிடுவதாலும், தண்ணீரில் மிதக்கும் பலகையில் அவளை வைத்துத் தள்ளுவதாலும் செய்தது. வழி வேறு, சேர்ந்த இடம் ஒன்று.

இரண்டாம் பாகத்தில்தான் தொடர் திணறியது என்று எனக்குத் தோன்றுகிறது. 2020-இல் வந்த கேமில் ஏபி என்ற இளம்பெண் ஜோயலை அடித்துக் கொல்கிறாள். காரணம் நமக்கு உடனே சொல்லப்படுவதில்லை. எல்லியாகப் பழிவாங்கப் புறப்பட்டு, பாதி வழியில் திடீரென்று நம் கை ஏபியின் கையாகிறது. நாம் வெறுத்தவளாகவே நடந்து, சாப்பிட்டு, நண்பர்களைக் காத்து, அந்த அறுவை அறையில் நாம் கொன்ற மருத்துவர் அவளுடைய தந்தை என்பதை அவள் பக்கத்திலிருந்தே அறிகிறோம். ஆடியவர்களில் பலர் இதற்குச் சினந்தார்கள். அந்தச் சினமே அந்த வடிவத்தின் வெற்றி. 2025-இல் வந்த தொடரின் இரண்டாம் பருவம், ஏபி யார், அவளுக்கு ஏன் இந்தப் பகை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதன் நியாயம் புரிகிறது. பார்ப்பவரை ஏபியின் கைக்குள் புகுத்த முடியாதபோது காரணத்தையாவது முன்னால் தர வேண்டும். ஆனால் காரணம் கையில் கிடைத்த பார்வையாளர் நீதிபதியாகிவிடுகிறார். இரு தரப்பு வாதத்தையும் கேட்டு எடை போடுபவருக்கு உடன்பாடு என்ற ஆபத்து வராது. முதல் பருவத்தில் நம்மைச் சிக்கவைத்த அதே கலைஞர்கள் இங்கே நமக்குத் தப்பும் வழியைத் திறந்துவைத்துவிட்டார்கள்.

சின்ன அளவில் இதே கேள்வியை ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ எழுப்புகிறது. லூகாஸ் போப் 2013-இல் ஆக்கிய இந்த கேமில் ஆடுபவர் ஒரு கற்பனைச் சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடி அலுவலர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. தவறாக யாரையாவது உள்ளே விட்டால் எச்சரிக்கை, பிறகு அபராதம். மாலையில் வீட்டு வாடகை, சாப்பாடு, சூடேற்றச் செலவு, நோயாளிக்கு மருந்து. கணவனின் தாள்கள் சரியாக இருக்க, பின்னால் வரும் மனைவியிடம் ஒரு தாள் குறையும். கொடுமை செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், முத்திரையைச் சீக்கிரம் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில் ஆடுபவர் கொடியவராகிறார். 2018-இல் இது ரஷ்ய மொழியில் ஒரு குறும்படமானது. கேமில் அந்த அலுவலரின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் நாமே அவர். குறும்படத்தில் நடிகர் இகோர் சவோச்கினின் களைத்த முகத்தை நெருக்கத்தில் பார்க்கிறோம். அவசரம் நம்மைவிட்டுப் போய், அவசரத்துக்குள் அகப்பட்ட மனிதரைக் காணும் அவகாசம் கிடைக்கிறது. அவ்வளவு சிறிய படத்துக்குள்ளும் பங்கு மாறிய தருணத்தை எடுத்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் 2023-இல் வந்த புதிய மாரியோ அனிமேஷன் படத்தைச் சுட்டிக்காட்டலாம். உலகம் முழுவதும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய அந்தப் படத்தில் எந்த அறக்கேள்வி இருந்தது என்று கேட்கலாம். இல்லைதான். மாரியோவில் ஆடுபவர் செய்வது தாவுவதும் ஓடுவதும். அதில் பகிர்ந்துகொள்ளப் பொறுப்பு எதுவும் இல்லை. களிப்பு மட்டுமே இருக்கிறது, அதைக் கண்ணாலும் காதாலும் கொடுத்தால் போதும். என் வாதம் எல்லா கேமுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. செயலிலேயே தன் பொருளை வைத்திருக்கும் கேம்களுக்கே அது பொருந்தும். அவற்றில் மிகக் கடினமானது இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது. ஃபுமிட்டோ உயேதா 2005-இல் தந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ படமாகும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு உண்டு. இறந்த பெண்ணை எழுப்புவதற்காக ஓர் இளைஞன் 16 பேருருவங்களைத் தேடிப் போய்க் கொல்கிறான். அவற்றில் சில, அவன் வந்து சீண்டும் வரை தம் பாட்டுக்கு இருப்பவை. ஒவ்வொன்று விழும்போதும் வெற்றி முழக்கம் இல்லை, துயர இசைதான். ஆடுபவர் இரண்டாவதிலேயே இது தவறு என்று உணரத் தொடங்கியும் பதினாறாவது வரை போகிறார். எப்படி ஏறுவது, எங்கே குத்துவது என்ற புதிர் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்குத் தீர்க்கப் புதிர் கிடையாது. இரண்டாவது பேருருவம் விழுந்ததுமே அவர் இளைஞனைக் கைவிட்டு விலகி நின்றுவிடுவார், விலகியவருக்கு மீதிப் பதினான்கும் வெறும் காட்சி. படம் எடுப்பவர் பார்ப்பவரைப் பதினாறாவது வரை உடன்பட வைக்க வேண்டுமானால், இறந்துகிடக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி கேம் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் அவர்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.